வீட்டுக்கு இரண்டரைத் தேங்காய்

பொறாமைப்படுவதற்கு மனுசருக்கு எத்தனையோ இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கார், மச்சானின் மாடிவீடு, மற்றவன் பிள்ளையின் சோதனை மார்க்ஸ். ஜெயரட்ணம் பொறாமைப்பட்டது ஒரு தீவுக்காக. அவர் பிறந்த தீவும் இல்லை, வாழ்ந்த தீவும் இல்லை. மெல்பேர்ன் லொன்ஸ்டேல் வீதியில் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு வருசா வருசம் அவர் கணக்கெழுதிய தீவு.

பெரிமன் தீவு என்று பெயர். வரைபடத்தில் கண்டால் இலையான் பறந்துவந்து இருந்துவிட்டுப் போன இடம் என்று நினைத்துத் துடைத்துவிடுவீர்கள். ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் இருந்தது. நானூற்றிப் பன்னிரண்டு வீடு, இரண்டாயிரத்து முந்நூறு சனம். கொப்பரா காயவைத்து விற்பார்கள், கொஞ்சம் மீன் பிடிப்பார்கள், உலகத்தில் முத்திரை சேர்க்கிற ஆட்களுக்காகத் தீவின் பெயரில் தபால்முத்திரை அச்சடிப்பார்கள். அவ்வளவுதான் பொருளாதாரம். என்றாலும் அரசாங்கம் அரசாங்கம்தானே, அதற்கு ஆண்டறிக்கை வேண்டும். அந்த வருசம் தீவு எவ்வளவு உழைத்தது, எவ்வளவு தின்றது, வளர்ந்ததா தேய்ந்ததா என்று முப்பத்தாறு பக்கத்தில் சொல்ல வேண்டும். 1971 தொடக்கம் அதைச் சொன்னவர் ஜெயரட்ணம்.

கந்தோரில் அவரை ஒரு ஆளாக யாரும் எண்ணியதில்லை. ‘ஜெய்’ என்று கூப்பிடுவார்கள், அலுவல் முடிந்தால் மறந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் பியர் குடிக்கப் போகும்போது அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பிளிண்டர்ஸ் வீதி ஸ்டேசனில் ரயிலேறி, கிளேற்றனில் இறங்கி வீட்டுக்கு வந்தால் அந்த நாள் முடிந்தது. வருசத்தில் ஐம்பத்தொரு கிழமை இப்படித்தான்.

மிச்சம் ஒரு கிழமை இருக்கிறதே, அதற்காகத்தான் அந்த மனுசன் உயிரோடு இருந்தார். ஒக்டோபரில் அறிக்கையை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி, கப்பல் ஏறி, கடைசியில் தோணி ஏறிப் பெரிமனில் இறங்கினால் கதையே வேறு. துறையில் தீவின் தலைவர் எலியா வெள்ளைச் சேட்டோடு நிற்பார். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டோடு நிற்கும். சபை மண்டபத்தில் ஜெயரட்ணம் எழுந்து, ‘சென்ற ஆண்டு உங்கள் தீவின் வருமானம் மூன்று வீதம் உயர்ந்திருக்கிறது, அரசாங்க மானியம் குறைந்திருக்கிறது, நீங்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டீர்கள்’ என்று வாசிப்பார். சனம் எழுந்து நின்று கைதட்டும். பிறகு விருந்து. தேங்காய்ப்பாலில் மீன், தேங்காய்ப்பாலில் கிழங்கு, தேங்காய்ப்பாலில் கீரை. புறப்படும்போது தாழையோலையில் பின்னிய பாய் ஒன்று. ஐந்து வருசம், ஐந்து பாய். ஐந்தையும் கிளேற்றன் வீட்டு முன்னறைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்.

“நீங்கள் அந்தத் தீவையே கட்டியிருக்கலாம்” என்பாள் மனைவி சந்திரவதனா. “என்னைக் கட்டி வீணாய்ப் போனியள்.”

அவர் மறுத்துச் சொன்னதாக யாரும் கேள்விப்படவில்லை.

அந்தச் சந்தோசத்தில் மண் விழுந்தது 1976 மார்ச்சில். சடகோபன் என்று ஒருவன் வேலைக்கு வந்தான். மெட்ராஸ்காரன், முப்பத்தொரு வயது, புள்ளிவிபரத்தில் இரண்டு பட்டம், வாயில் எந்நேரமும் சிரிப்பு. முதல் நாளே நேராக ஜெயரட்ணத்தின் மேசைக்கு வந்து, “சார், நீங்க தமிழா? அப்பாடா, வாய் விட்டுப் பேசி மூணு வாரம் ஆச்சு” என்றான்.

பொய் சொல்லக்கூடாது, ஜெயரட்ணத்துக்கும் அன்றைக்குச் சந்தோசம்தான். முதல் ஞாயிறே அவனையும் அவன் மனைவி கல்யாணியையும் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் மரக்கறிக்காரர் என்று சந்திரவதனா புதுச் சட்டி வாங்கிச் சமைத்தாள். சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சம்பல். மெல்பேர்னில் நல்ல தேங்காய்க்கு எங்கே போவது, பக்கெற்றில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பால்தான் எல்லாவற்றிலும்.

“எல்லாத்துலயும் தேங்காயாக்கா?” என்று கல்யாணி மெதுவாகக் கேட்டாள்.

“பின்னை? தேங்காய் இல்லாமல் அது என்ன சமையல்” என்றாள் சந்திரவதனா.

மூன்று மாதம் போனது. அதற்குள் சடகோபன் ‘சடா’ ஆகிவிட்டான். வெள்ளிக்கிழமை பியருக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் தோடம்பழச் சாறுதான் குடித்தான், ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார்கள். மேலதிகாரி டௌலிங் ஆறு வருசத்தில் ஜெயரட்ணத்தின் மேசையில் கை வைத்ததில்லை. இவன் தோளில் கை வைத்துக் கதைத்தார். ஜெயரட்ணம் கூட்டல் மெஷினைத் தட்டிக்கொண்டே அதைப் பார்த்தார். தோளில் கைதானே, போகட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். எனக்குத் தீவு இருக்கு.

ஜூலையில் அறிக்கை வேலை தொடங்கியது. “புதுக் கண் ஒன்று பார்த்தால் நல்லது, ஜெய். அட்டவணைகளை சடா சரிபார்க்கட்டும்” என்றார் டௌலிங். அட்டவணைகள் போயின. நான்காம் நாள் சடகோபன் ஒரு தாளோடு வந்தான்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். அட்டவணை ஏழு. வீட்டுல சமையலுக்குச் செலவாகிற தேங்காய். ஒரு வீட்டுக்கு நாளைக்கு ரெண்டரைன்னு இருக்கு. அஞ்சு வருஷமா அதே ரெண்டரை. இது எங்கேர்ந்து வந்தது?”

ஜெயரட்ணம் தட்டிக்கொண்டிருந்த கூட்டல் மெஷினை நிறுத்தினார். ஏனென்று சொல்லத்தான் வேண்டும்.

விற்கிற தேங்காய்க்குச் சிட்டை இருக்கிறது. தன் வளவில் விழுந்ததைத் தானே எடுத்துக் கறி வைத்தால் யாரிடம் சிட்டை? ஆனால் அதுவும் வருமானம்தான், அதையும் சேர்க்க வேண்டும் என்பது கணக்குப் பார்க்கிறவர்களின் விதி. 1971இல் அந்த இலக்கத்தை இரண்டு நாளில் தரச் சொல்லி டௌலிங் நெருக்கினார். தீவுக்குக் காகிதம் எழுதிப் பதில் வர ஆறு கிழமை. ஜெயரட்ணம் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் நின்று கேட்டார். “சந்திரா, ஊரிலை எங்கடை வீட்டிலை ஒரு நாளைக்கு எத்தினை தேங்காய் முடிஞ்சது?” அவள் திரும்பிப் பார்க்காமலே, “ரெண்டரை” என்றாள். அடுத்த நாள் காலையில் பெரிமன் தீவின் நானூற்றிப் பன்னிரண்டு வீட்டிலும் நாளுக்கு இரண்டரைத் தேங்காய் உடைந்தது. அந்த ஒக்டோபரில் போய் விருந்தைச் சாப்பிட்டதும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோனது. சரியாய்த்தான் போட்டிருக்கிறேன், குறைத்துப் போட்டுவிட்டேனோ தெரியாது என்றுகூட நினைத்தார்.

இதையெல்லாம் இந்தப் பொடியனிடம் சொல்ல முடியுமா?

“கள ஆய்வு” என்றார்.

“எந்தக் களம் சார்?”

“நீர் பிறகு வாரும். எனக்கு இப்ப வேலை கிடக்கு.”

சடகோபன் தலையைச் சொறிந்தான். “ரொம்ப ஜாஸ்தியா தோணுது சார். கல்யாணிகிட்ட கேட்டேன். எங்காத்துல நாளைக்கு ஒரு மூடி, அதாவது அரைத் தேங்காய்தான் ஆகும்னா.”

ஜெயரட்ணம் தலையை நிமிர்த்தினார். இவனும் குசினிக்குத்தான் போயிருக்கிறான். இரண்டு பட்டம் வாங்கியும் இவனும் மனைவியிடம்தான் கேட்டிருக்கிறான். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் அடுத்த அரை மணித்தியாலத்தில் அந்த அரைத் தேங்காய் டௌலிங்கின் அறைக்குள் போய்விட்டது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தோளில் கை விழுந்தது, டௌலிங் வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“அபாரமான வேலை. ஜெய், நீ ஐந்து வருசம் அலைந்தாய், போதும். இந்த முறை பெரிமனுக்கு சடா போகட்டும்.”

சடகோபன் பதறிப்போய், “சார், நான் கேக்கல, சத்தியமா நான் கேக்கல” என்று பின்னாலேயே வந்தான். அவன் கேட்கவில்லை என்பது ஜெயரட்ணத்துக்கும் தெரியும். கேட்காமலே கிடைக்கிறதே, அதுதான் எரிந்தது. தான் ஆறு வருசம் குனிந்த தலை நிமிராமல் உழைத்து வாங்கிய ஒரே ஒரு கிழமையை, இவன் ஒரு தேங்காய் மூடியால் தட்டிக்கொண்டு போகிறான். அந்தத் துறையில் இவன் இறங்குவான். அந்தப் பிள்ளைகள் இவனுக்குப் பாடும். எலியா இவன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பாயும் இவனுக்குத்தான். அன்று ரயிலில் அவருக்கு இருக்க இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார்.

“பாவம், சின்னப் பொடியன், ஒருக்காப் போட்டு வரட்டுமேன்” என்றாள் சந்திரவதனா.

“உமக்கு என்ன தெரியும்” என்று எழும்பிப் போனார். முன்னறையில் ஐந்தாவது பாய்க்குப் பக்கத்தில் ஆறாவது பாய்க்கென்று போன மாதமே அடித்து வைத்த ஆணி நின்றது.

ஓகஸ்ட் கடைசியில் அறிக்கை முடிந்தது. சடகோபன் பழைய பழக்கப்படி மரியாதையாக அதைக் கொண்டுவந்து ஜெயரட்ணத்தின் முன்னால் வைத்தான். “அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க சார். உங்க கண்ணுக்குத் தப்பாது.”

தப்பவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

இந்த வருசத்துக்கு அரைத் தேங்காய் என்று மாற்றிய அறிவாளி, போன வருசங்களின் இரண்டரையை அப்படியே விட்டிருந்தான். அளவுகோலை மாற்றினால் பழைய வருசங்களையும் அதே கோலால் அளந்து எழுத வேண்டும். முதலாம் வருசம் படிக்கிறவனுக்கும் தெரிந்த விசயம். அவசரத்தில் மறந்துவிட்டான். பேனையின் ஒரு கோட்டில் வருசத்துக்கு மூன்று லட்சம் தேங்காய் காற்றோடு போயிருந்தது. மூன்று வீதம் வளர்ந்திருக்க வேண்டிய பெரிமன் தீவு, கடதாசியில் இரண்டு வீதம் தேய்ந்து போயிருந்தது. பத்து வருசத்தில் முதல் வீழ்ச்சி என்று வேறு கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பென்சிலால் ஒரு குறி போட்டால் போதும். ஜெயரட்ணம் பென்சிலைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் அந்த மண்டபம் கண்ணில் வந்தது. சடகோபன் எழுந்து நிற்கிறான். உங்கள் தீவு தேய்ந்துவிட்டது என்று வாசிக்கிறான். சனம் ஒன்றையொன்று பார்க்கிறது. ஒருவரும் கைதட்டவில்லை. எலியா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுத்த வருசம் தந்தி வருகிறது, தயவுசெய்து எங்கள் ஜெய்யை அனுப்புங்கள் என்று. மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகவேண்டும் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, ஜெயரட்ணம் அதுவரை அந்தக் கூட்டத்தில் சேராதவர். அன்று சேர்ந்தார்.

“எல்லாம் வடிவாய் இருக்கு” என்று பென்சிலைக் கீழே வைத்தார். “அனுப்பும்.”

“நெஜமாவா சார்? எனக்கு அந்த ரெண்டு பர்சென்ட் குறையறதுதான் உறுத்தறது.”

“ஒரு தீவு எண்டால் கூடும், குறையும். நீர் பயப்பிடாதேயும்.”

அறிக்கை அச்சாகி ஒரு பிரதி கன்பராவுக்குப் போனது. வழக்கமாய் அங்கேதான் போகும். அங்கே அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று ஜெயரட்ணம் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அறிக்கை என்றால் மண்டபம், மண்டபம் என்றால் கைதட்டல்.

ஒக்டோபரில் சடகோபன் புறப்பட்டுப் போனான். அந்தக் கிழமை முழுக்க ஜெயரட்ணம் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று விமானம். இன்று கப்பல். இன்று தோணி. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மண்டபம். அந்த நேரம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கீழே வீதியில் சனம் தன்பாட்டில் போனது. இப்போது வாசிப்பான். இப்போது எல்லாரும் பேசாமல் இருப்பார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வரும்போது வாயில் ஏதோ பாட்டு.

“என்ன, ஐயாவுக்கு இண்டைக்குப் பாட்டெல்லாம் வருது?” என்றாள் சந்திரவதனா.

“வரக்கூடாதோ?”

சடகோபன் திரும்பி வந்த திங்கட்கிழமை, ஜெயரட்ணம் வழமையிலும் முந்திய ரயிலில் போய்க் காத்திருந்தார். லிப்ட் கதவு திறந்தது. வெயிலில் கறுத்த முகம், பல்லெல்லாம் சிரிப்பு, தோளில் சுருட்டிய பாய். ஒன்று இல்லை, இரண்டு.

இரண்டு. ஐந்து வருசத்தில் ஒருமுறைகூடத் தனக்கு இரண்டு பாய் தந்ததில்லை. விழுந்த தீவுக்கு வாசித்தவனுக்கு இரண்டு பாயா?

மத்தியானம் சடகோபன் தயிர்ச்சாத டப்பாவைத் திறந்துகொண்டு அவர் முன்னால் வந்து இருந்தான்.

“சார், என்ன நடந்ததுன்னு கேளுங்க. எல்லாரும் அடிக்கப் போறான்னு நெனச்சுண்டுதான் எழுந்தேன். ரெண்டு பர்சென்ட் குறைஞ்சிருக்குன்னு வாசிச்சேன். மண்டபம் அப்படியே நிசப்தமாயிடுத்து. அப்புறம் முன் வரிசைல ஒரு அம்மா அழ ஆரம்பிச்சா. அவ்வளவுதான், தொலைஞ்சேன்னு நெனச்சேன். அவ எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுண்டா. அதுக்கப்புறம் எல்லாரும் எழுந்து ஒரே கைதட்டல். நிறுத்தவே இல்ல சார். ராத்திரி வரைக்கும் பாட்டு.”

“கைதட்டினவையோ?” என்றார் ஜெயரட்ணம்.

“எனக்கும் புரியல. அப்புறம் தலைவர்தான் விளக்கினார். கன்பராவில ஒரு கோடு வெச்சிருக்கா சார். விலைவாசிக்கு ஏத்தபடி அதை மாத்துவா, போன வருஷமும் இந்த வருஷமும் தலைக்கு நூத்தி முப்பத்திரண்டு டாலர் வருமானம். நம்ம அறிக்கைல அதுக்கு மேல இருந்தா அந்த வருஷம் மானியத்துல அஞ்சாயிரம் வெட்டு. கீழ இருந்தா வெட்டு இல்ல, வெட்டினதையும் திருப்பிக் குடுப்பா. அஞ்சு வருஷமா வெட்டு. முதல்ல படகு எஞ்சின், அப்புறம் பள்ளிக்கூடக் கூரை. போன வருஷ வெட்டுல நர்ஸ் போயிட்டா. இந்தத் தடவை கோட்டுக்குக் கீழ வந்துட்டோம். நான் தீவுல இறங்கறதுக்கு முந்தின நாள்தான் கன்பராலேர்ந்து தந்தி வந்திருக்கு, நர்ஸை மறுபடி அனுப்பறோம்னு. அழுத அம்மாவோட மருமகளுக்கு இது ஒன்பதாம் மாசம்.”

ஜெயரட்ணம் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மானியம் குறைந்திருக்கிறது, சொந்தக் காலில் நிற்கிறீர்கள் என்று அவர்தான் வாசித்தார். ஐந்து முறை வாசித்தார். எழுந்து நின்று கைதட்டினார்கள். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் அவருக்கு முதலில் வலித்தது நேர்ஸ் இல்லாத தீவு இல்லை. இவனுக்குத் தட்டினது உண்மையான கைதட்டல் என்பதுதான் வலித்தது.

“எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“நானும் கேட்டேன் சார். ‘அவர் அவ்வளவு சந்தோஷமா வாசிப்பார், அதைக் கெடுக்க மனசு வரல’ன்னார் தலைவர். அஞ்சு வருஷம் பணக்காராளா இருந்து களைச்சுப் போயிட்டோம்னு சொல்லிச் சிரிச்சார்.” சடகோபன் ஒரு வாய் சாப்பிட்டான். “அப்புறம் அந்தத் தேங்காய். அரையும் இல்ல சார். அவா சமையலுக்குத் தேங்காய் எடுக்கறதே அபூர்வம். கடை அரிசியும் டின் மீனும்தான். காய் எல்லாம் கொப்பராவுக்குப் போயிடும், காசு வேணுமே. நீங்க வர்ற வாரத்துக்கு மட்டும் வீட்டுக்கு ரெண்டு ரெண்டாச் சேர்த்து விருந்து வெப்பாளாம். உங்களுக்குத் தேங்காய்ப்பால் அவ்வளவு பிடிக்கும்னு தலைவர் சொன்னார்.”

பிறகு அவன் கொஞ்சம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“கப்பல்ல திரும்பி வர்றப்போதான் என் தப்பு தெரிஞ்சுது சார். பழைய வருஷங்களை நான் மாத்தவே இல்ல. அதனாலதான் ‘பத்து வருஷத்துல முதல் வீழ்ச்சி’ன்னு வந்திருக்கு. இது உங்க கண்ணுல படாம இருந்திருக்காது. தெரிஞ்சேதான் விட்டீங்க, இல்ல? அந்தக் கோடு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ரெண்டரை தப்புன்னு நேரா ஒத்துண்டா உங்க பழைய அறிக்கை எல்லாம் கேள்விக்கு வரும். அதனால என் கையால நடக்க விட்டீங்க, அந்தத் தீவுக்காக. பெரிய மனசு சார் உங்களுக்கு. டௌலிங்கிட்ட நான் மூச்சு விட மாட்டேன்.”

ஜெயரட்ணம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எதற்காகச் சும்மா இருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை.

“மறந்துட்டேனே” என்று சடகோபன் எழுந்துபோய் ஒரு பாயை எடுத்து வந்தான். “இது உங்களுக்கு. தலைவர் குடுத்து அனுப்பினார். அடுத்த வருஷம் நீங்கதான் வரணுமாம்.”

பாயை மடியில் வைத்துக்கொண்டு கிளேற்றனுக்கு ரயிலில் வந்தார். வீட்டில் சந்திரவதனா குசினியில் சுடுதண்ணீருக்குள் தேங்காய்ப்பூவைப் போட்டுக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். ஐந்து வருசத்துக்கு முன் நின்ற அதே வாசலில் அவர் வந்து நின்றார்.

“சந்திரா. ஊரிலை எங்கடை வீட்டிலை நாளுக்கு ரெண்டரைத் தேங்காய் முடிஞ்சது எண்டு ஒருக்காச் சொன்னீர். உண்மையாய் எண்ணினனீரோ?”

“எப்ப சொன்னனான்?” அவள் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “ஓ, அதோ. அந்தக் காலத்திலை உங்கடை தங்கச்சி இராஜேஸ்வரியின்ரை காயிதம் வந்தது. புது வீடு, புதுக் கார், ஆக்கள் வந்து போறபடியால் நாளுக்கு ரெண்டு தேங்காயும் போதாமல் கிடக்கு எண்டு பெருமை எழுதியிருந்தா. அண்டைக்குப் பாத்து நீங்கள் வந்து கேட்டியள். அவவுக்குக் குறைச்சு நான் ஏன் சொல்ல? அவவுக்கு மேலை ஒரு அரை போட்டுச் சொன்னனான்.”

“உண்மையாய் எத்தினை?”

“ஒண்டு. மாசக் கடைசியிலை அதுவும் இல்லை.”

அவர் போன வருச அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து குசினி மேசையில் இருந்தார். கடிதக் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். முழுதாய் ஒன்றரையைக் கழித்துப் பார்க்கத் துணிவில்லை. அந்த அரையை மட்டும் எடுத்தார், நாத்தனாருக்கு மேல் போட்ட அரையை. நானூற்றிப் பன்னிரண்டு வீடு, முந்நூற்று அறுபத்தைந்து நாள், அரைத் தேங்காய். எழுபத்தையாயிரத்துச் சொச்சம் தேங்காய். காய் ஐந்து சதம். தலைக்குப் பிரித்தால் ஒரு டொலர் அறுபது சதம்.

போன வருச அறிக்கையில் தலைக்கு நூற்றி முப்பத்து மூன்று. அரையை எடுத்தால் நூற்றி முப்பத்தொன்று நாற்பது. கோடு நூற்றி முப்பத்திரண்டு.

மற்ற நான்கு வருச அறிக்கைகளையும் எடுக்க எழும்பினார். பிறகு எழும்பாமல் இருந்துவிட்டார்.

சந்திரவதனா பாலைப் பிழிந்து சட்டியில் ஊற்றினாள். அவருடைய முகத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. “என்ன இது, செத்த வீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கிறியள்? ஒரு வீம்புக்குச் சொன்ன சொல்லு. என்ரை அந்த அரைத் தேங்காயாலை இந்த உலகத்திலை ஆருக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

ஜெயரட்ணம் கவரைத் திருப்பி வைத்தார். புதுப் பாய் இன்னும் சுருட்டினபடி அவர் மடியிலேயே கிடந்தது.

“ஒரு நேர்ஸ்” என்றார்.